துவைத்த நோட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சலவைக்குத் துணி போட வருகிறவர்கள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் "எப்ப கிடைக்கும்?" என்று கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஆனாலும் வேறு கடைக்குப் போக மாட்டார்கள். கறை எடுப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. மை, தார், ரத்தம், துரு, எதுவானாலும் கொண்டுவரட்டும். கடை வாசலில் 'போகாத கறை இல்லை' என்று பலகையே மாட்டியிருக்கிறேன். "வாய்க்கொழுப்பைப் பாரு" என்று என் வீட்டுக்காரி அதைக் கடக்கும்போதெல்லாம் சொல்வாள்.

அவள் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில்தான் இதெல்லாம் நடந்தது. அவள் தங்கைக்கு ஆபரேஷன். துணைக்கு ஆள் வேண்டுமென்று போயிருந்தாள். போன இரண்டாம் நாள், இடுகாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் கல் வைக்காத குழிகளை மாதக் கடைசியில் நிரவி, வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். வேண்டும் என்கிறவர்கள் அடக்கச் சீட்டோடு வந்து, அதற்குள் கல் பதித்துக்கொள்ளலாமாம். மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பெண். வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அப்படி ஒரு வால். ஈரத் துணிக்குள் புகுந்து ஓடுவாள், இஸ்திரி மேசைக்கு அடியில் வீடு கட்டுவாள், நான் மடித்து வைத்த சட்டைகளின் பொத்தானையெல்லாம் கழற்றிவிட்டு "அப்பா, மறுபடி பண்ணு" என்பாள். நான்கு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். இருபத்தேழு வருஷமாகிறது.

ஒரு போட்டோ கூடக் கிடையாது. அவள் அம்மா ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள், நான் "அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். உடுப்புகளையும் நான்தான் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்தேன். அதுகளை மடியில் போட்டுக்கொண்டு இவள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள், எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிச்சமிருந்தது அந்த ஆறடிகூட இல்லாத மண் மட்டும்தான். அதில் ஒரு கல், அதில் ஒரு பெயர் என்று இவள் கேட்கத் தொடங்கி எத்தனையோ வருஷம். நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஓட்டிவிட்டேன். போன வருஷம் கையில் கொஞ்சம் சேர்ந்தபோது கடையின் கொதிகலன் வாயைப் பிளந்துவிட்டது. எல்லாம் அதற்குப் போயிற்று.

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலுவலகத்துக்கே போய்க் கத்தினேன். அங்கிருந்த குமாஸ்தா காது குடையும் குச்சியைக் கீழே வைக்காமலே, "எல்லாருக்கும் ஒரே சட்டம்தாங்க. நீங்க சத்தம் போட்டா தேதி நகருமா?" என்றார். நகராது என்று எனக்கும் தெரியும்.

முதலில் அடக்கச் சீட்டாவது இருக்கிறதா பார்ப்போம் என்று வீட்டில் வீட்டுக்காரியுடைய புடவைப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் ஒரு தகர டப்பா. சீட்டு அதில்தான் இருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி, மடிப்புக்குள் மடிப்பாக. பிரித்தால் ஒரு நோட்டு.

பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்துப் பெரிய நோட்டு, எப்போதோ செல்லாமலாக்கிவிட்டார்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கடையில் வாடிக்கையாளர் கொடுத்த நோட்டு ஒன்று மேசைமேலிருந்து காணாமல் போயிற்று. எங்களுக்கு அது அரை மாதச் சாப்பாடு. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். "எங்க வெச்சேன்னு தெரியலைங்க" என்று அவள் சாதித்துவிட்டாள். இப்போது பார்த்தால் மகாராணி அதைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்! 'வரட்டும் வரட்டும், வந்ததும் வைத்துக்கொள்கிறேன் கச்சேரி' என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புதான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து அதற்கு எங்கே கோபப்படுவது?

நோட்டின் முன்பக்கத்தில், எழுத்தில்லாத வெள்ளைப் பகுதி முழுக்க நீலப் பேனாக் கிறுக்கல். கோடும் சுழியுமாக, ஏதோ பேனா எழுதுகிறதா என்று எவனோ இழுத்துப் பார்த்த மாதிரி. இதனால்தான் எந்தக் கடையிலும் வாங்கியிருக்க மாட்டார்கள், திட்டுக்குப் பயந்து ஒளித்துவிட்டாள் என்று நானே ஒரு கதையும் கட்டிவிட்டேன்.

பழைய நோட்டுக்குச் சில பேர் பெரிய விலை கொடுப்பார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தது அப்போது ஞாபகம் வந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். மாடியில் ஒரு சின்ன அறை. பழைய நாணயம், தபால்தலை, நோட்டு வாங்கி விற்கிற கடை. நோட்டுக்காரர் வழுக்கைத் தலை, நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். நோட்டை நான் கொண்டுபோகவில்லை. கையில் கொடுத்து, அவர் மாற்றிவிட்டால்? துணிக்குக் கட்டுகிற சீட்டின் பின்பக்கத்தில் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனேன்.

சீட்டைப் பார்த்தவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். இறக்கிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது, என் கையெழுத்துதானே.

"நம்பருக்கு முன்னாடி இந்த ஒரு எழுத்துதானா? இன்னொரு எழுத்து இல்லையே?"

"இல்ல."

"கீழ கையெழுத்து எப்படி இருக்கும்? நீளமா வால் மாதிரி இழுத்திருக்குமா?"

"ஆமா."

அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நோட்டில் கையெழுத்துப் போடுகிற அந்த அதிகாரி மூன்று மாதம்தான் பதவியில் இருந்தாராம். அந்த வரிசையில் கொஞ்சம்தான் அச்சடித்தார்களாம், அதிலும் பாதி திரும்பிப் போய் எரிந்துவிட்டதாம். "நோட்டு நல்லா இருந்தா நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லி ஒரு தொகை சொன்னார். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கணக்கு ஓடிவிட்டது. கல், பெயர் வெட்டுகிற கூலி, அலுவலகக் கட்டணம், எல்லாம் போக இவளுக்கு ஒரு புடவை.

"நல்லா இருந்தான்னா?"

"சுத்தமா இருக்கணும். மடிப்பு, அழுக்கு, கறை இருந்தா விலை இறங்கும். சலவை நோட்டு மாதிரி இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப்பேன்."

கறை! என்னிடம் வந்து கறை என்கிறார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தேன். கிறுக்கல் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதற்கு? இந்த ஊரில் கறையைப் பற்றி நான் ஒருவரிடம் யோசனை கேட்பதா?

மறுநாள் கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கல்யாணப் பட்டுக்குக்கூட அவ்வளவு பதமாக நான் கை வைத்ததில்லை. பஞ்சை நூல் மாதிரித் திரித்து, ஸ்பிரிட்டில் தொட்டு, ஒவ்வொரு கோடாக ஒற்றி எடுத்தேன். பேனா மை வரவேண்டும், அச்சு மை அசையக் கூடாது. மேலே ஒரு பெரிய வட்டம் இருந்தது. அதிலிருந்து தொடங்கினேன். வட்டம் போனது. வட்டத்துக்குள் இருந்த வளைந்த கோடு போனது. நீட்டு நீட்டாக இரண்டு கோடு போனது. பக்கத்தில் ஒரு கட்டமும் அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகவும் இருந்ததுதான் ரொம்பப் படுத்தியது. அழுத்தி அழுத்திக் குத்தியிருந்தது. அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைத் தூளைத் துளி போட்டு, நோட்டை மிதக்கவிட்டு அழுக்கை எடுத்தேன். அலசினேன். கஞ்சித் தண்ணீரில் ஒரு முக்கு. மேலும் கீழும் மெல்லிசுத் துணி போட்டு, சூடு பார்த்து, இஸ்திரி. எடுத்துப் பிடித்தால் நோட்டு விறைப்பாக நின்றது. மடிப்பு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. 'போகாத கறை இல்லை' என்று வாய்விட்டே சொன்னேன். கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

போகிற வழியில் கல் தச்சரிடம் நின்று, ஒரு சின்னக் கல்லைக் கையால் தடவிப் பார்த்து, "இதை யாருக்கும் குடுத்துடாதீங்க, சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறினேன். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது.

நோட்டுக்காரர் சின்ன இடுக்கியால் நோட்டைப் பிடித்தார். பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எதற்கு மோந்து பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"இது..." என்றார். பிறகு மேசை விளக்கை அணைத்துவிட்டு, பெட்டி மாதிரி இருந்த ஒரு நீல விளக்கைப் போட்டு அதற்கடியில் நோட்டை வைத்தார். நோட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று எரிந்தது.

"துவைச்சீங்களா?"

"ஆமா. ஏன்?"

"ஐயோ" என்றார். நிஜமாகவே அவருக்கு வலித்த மாதிரி இருந்தது. "நோட்டுக் காகிதம் இந்த விளக்குல இருட்டாத்தாங்க இருக்கணும். சோப்புத் தூள் பட்டதுனால இப்படி மின்னுது. கஞ்சி வேற போட்டிருக்கீங்க. இதை யாரும் வாங்க மாட்டாங்க. நான் வாங்கினாலும் விக்க முடியாது."

"நீங்கதானேய்யா சுத்தமா இருக்கணும்னீங்க!"

"சுத்தமா இருக்கணும்னேன். துவைக்கச் சொன்னேனா? நோட்டை யாராவது துவைப்பாங்களா?"

"நாங்க துவைப்போம்! அதான் எங்க தொழிலு!"

கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் திரும்பக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கறை இருந்துச்சுன்னா கறையோடவே கொண்டு வந்திருக்கலாமே. பாதி விலைக்கு மேல குடுத்திருப்பேன்" என்றார் மெதுவாக.

பாதி விலைக்கே கல் வந்திருக்கும்.

அவர் இன்னும் விளக்கடியில் குனிந்திருந்தார். "எடுத்த இடத்துல தடம் தெரியுது, பாருங்க. பொம்மை மாதிரி இருக்கே... யாரோ ஆள்."

நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளிச்சத்துக்குள் மங்கலாகக் கோடுகள் ஓடின. "எவனோ வேலையத்தவன் கிறுக்கினது. எனக்கென்ன?" என்று நோட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினேன். கல் தச்சர் கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று பிற்பகல் வீட்டுக்காரி திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்து, முகம் கழுவி, தங்கைக்குத் தையல் பிரித்ததைச் சொல்லிக்கொண்டே அடுப்பில் டீ வைத்தாள். என்னால் அடக்க முடியவில்லை. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"நாளன்னைக்கா?"

"ஆமா. எல்லாம் நான் சரி பண்ணியிருப்பேன். நீ ஒளிச்சு வெச்ச சொத்துதான் காலை வாரிவிட்டுடுச்சு." நோட்டை எடுத்து அவள் முன்னால் எறிந்தேன். "கல்லு வாங்கலாம்னு பார்த்தேன். தம்பிடிக்குப் பிரயோஜனம் இல்லைங்கிறான்."

அவள் அதை எடுத்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல இருந்தது எங்கங்க?"

"எது?"

"இதுல இருந்துச்சே."

"மைக் கறையா? எடுத்துட்டேன்" என்றேன். அப்போதும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பழகியதுதான்.

"வாலு வரைஞ்சதுங்க அது."

அவள் கையிலிருந்த நோட்டை நான் குனிந்து பார்த்தேன்.

"மேசைமேல இருந்த நோட்டை எடுத்து, உங்க பேனாவாலயே வரைஞ்சா. நீங்க இஸ்திரி போடுற மாதிரி. பெரிய தலை, நீட்டுக் கால், கையில பெட்டி. பெட்டியைச் சுத்திப் புள்ளி புள்ளியா ஆவி. அப்பாட்ட காட்டணும்னு ஓடினா. நான்தான் பிடிச்சு இழுத்து வாயைப் பொத்தினேன். பெரிய நோட்டாச்சே, உங்க கோபம்தான் தெரியுமே. குழந்தையை அடிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன். நான் தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டா திட்டு எனக்குத்தானே."

"எப்ப?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது.

"அது நடந்து மூணு வாரத்துல காய்ச்சல் வந்துச்சு. நீங்க அன்னைக்குக் கத்தினப்போ அவ கதவுக்குப் பின்னாடி நின்னா. அப்புறம் காட்டணும்னு அவளும் கேக்கல."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொல்லணும்னுதான் வெச்சிருந்தேன். சொன்னா அன்னைக்குப் போட்ட சத்தம் உங்களுக்கு ஞாபகம் வருமே. எப்படி அதைத் தாங்குவீங்க? சரி, நாமளே பார்த்துக்குவோம்னு விட்டுட்டேன். நீங்க கடைக்குப் போனதும் எடுத்துப் பார்ப்பேன்."

"கல்லு வைக்கத்தான்டி பண்ணினேன். அவ பேரு இருக்கணும்னு நீதானே கேட்ட."

"கல்லுல இருந்தா அது தச்சர் வெட்டின எழுத்து" என்றாள். "இது அவ கை."

ஒவ்வொரு கோடாக ஒற்றி எடுத்தது என் விரலில் இருந்தது. வட்டம் என் தலை. முக்கால் மணி நேரம் படுத்தியது என் இஸ்திரிப் பெட்டி. அழுத்தி அழுத்தி அந்தப் புள்ளிகளைக் குத்தும்போது வாலு நாக்கைத் துருத்திக்கொண்டிருந்திருப்பாள், எதைச் செய்தாலும் அப்படித்தான் செய்வாள். தலையில் கை வைத்துக்கொண்டு நானும் இவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ பொங்கி வழிந்து அடுப்பு தானாக அணைந்தது.

ரொம்ப நேரம் கழித்துத்தான் நோட்டுக்காரர் சொன்னது மண்டையில் உறைத்தது. பொம்மை மாதிரி இருக்கே என்றாரே.

"இன்னும் இருக்கு" என்றேன். "ஒரு விளக்குல தெரியுது. நான் பார்த்தேன்."

அவள் என்னை நம்பவில்லை. ஆனால் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை, பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கு மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே படியில் போய் உட்கார்ந்துகொண்டோம். அன்றைக்குத்தான் மாதக் கடைசி. அந்நேரம் இடுகாட்டில் மண்வெட்டிகளோடு ஆட்கள் வந்திருப்பார்கள். நானும் அதைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அங்கே போய் நிற்பதா இங்கே வருவதா என்று காலையில் நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை. இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம்தான் நடந்தோம்.

நோட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் பின்வாங்கினார். "சத்தம் போட வரலைங்க" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் கதவைத் திறந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். இவளை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைப் போட்டார்.

இவள் குனிந்தாள். அவள் முகம் முழுக்க நீலமாக இருந்தது. ஒரு விரலை நீட்டி, காகிதத்தைத் தொடாமல் மேலேயே வைத்து, மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள்.

"இருக்கா?" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

நோட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இந்த வெளிச்சமே மையைச் சாப்பிட்டுடும். மிச்சமிருக்கிறது ரொம்பக் கொஞ்சம். எவ்வளவு பார்க்கிறீங்களோ அவ்வளவு போகும்."

உடனே அவள் எழுந்துவிட்டாள். எழுந்து என் கையைப் பிடித்து இழுத்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"சீக்கிரம் பாருங்க. உங்களுக்குக் காட்டத்தானே வரைஞ்சா."

குனிந்தேன். கண்ணில் தண்ணீர் நின்று எல்லாம் கலங்கலாக ஓடியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன். தலை இருந்தது. கால் இருந்தது. பெட்டி பாதிதான் இருந்தது, அதைத்தானே நான் அவ்வளவு பாடுபட்டு எடுத்தேன்.

"வாய் தெரியுதா?" என்று இவள் என் தோளுக்கு மேலிருந்து கேட்டாள்.

தெரிந்தது. மெல்லிசாக ஒரு வளைந்த கோடு, இரண்டு முனையும் மேலே பார்த்து.

"சிரிக்கிறீங்க" என்றாள்.

நான் கடையில் சிரித்து வாலு எப்போது பார்த்தாள்? பொத்தானைக் கழற்றியதற்குத் திட்டியது ஞாபகம் இருக்கிறது. ஈரத் துணியில் ஓடியதற்கு அடித்தது ஞாபகம் இருக்கிறது. எந்த நாளில் எதற்குச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவே மாட்டேனென்கிறது.

"அணைச்சிடுங்க" என்றேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் பாருங்க, பரவாயில்ல" என்றார் அவர்.

"வேண்டாங்க. போயிடும். அணைச்சிடுங்க."

அவர் அணைத்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கினார். மேசைமேல் நோட்டு விறைப்பாகக் கிடந்தது. ஒரு மடிப்பு இல்லை, ஒரு பொட்டுக் கறை இல்லை.